டர்ன்டேபிள் துள்ளினால் குற்றவாளி மோட்டார்தானா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன். மாதிரி ரயிலுக்காக, எச்ஓ அளவில் (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு), 300 மி.மீ. நீளப் பாலத்தோடு, இன்ஜினைத் திருப்பும் டர்ன்டேபிள் ஒன்றை நீங்களே செய்திருக்கிறீர்கள். அது சில இடங்களில் வழுக்கிக்கொண்டு போகிறது, சில இடங்களில் திக்கி நிற்கிறது, பிறகு ஒரு துள்ளு துள்ளி, நிற்க வேண்டிய தடத்தைத் தாண்டிவிடுகிறது. கியர் மோட்டாரை இரண்டு முறை மாற்றியும் குறை தீரவில்லை. அடுத்து, சிறு சிறு படிகளாக எண்ணிச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டாருக்குப் போகலாமா என்று கேட்கிறீர்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. இரண்டு மோட்டார்கள் மாறியும் குறை மட்டும் மாறவில்லை என்றால், அது மோட்டாரோடு சேர்ந்து வந்த குறை அல்ல.

நான் பட்டறையில் ஃபிட்டராகத் தொழில் கற்றவன். மாதிரி ரயில் என் இருபது ஆண்டு ஆசை. இதுவரை பதினொரு டர்ன்டேபிள்களை எனக்காகவும் நண்பர்களுக்காகவும் செய்திருக்கிறேன். உங்கள் மேடையை நேரில் பார்க்காமல் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் துள்ளல் எப்படிப் பிறக்கிறது, அது எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி என்ற இரண்டையும் உறுதியாகச் சொல்ல முடியும். மோட்டார் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்வோம்.

அசையாமல் இருக்கும் பொருளை முதலில் அசைக்கத்தான் கூடுதல் விசை வேண்டும். அசையத் தொடங்கிவிட்டால் அவ்வளவு தேவையில்லை. மோட்டாருக்கும் பாலத்துக்கும் இடையே உள்ள தண்டு, தண்டுகளை இணைக்கும் கப்ளிங், பெல்ட் எல்லாமே கொஞ்சம் முறுகிக்கொடுக்கும். பாலம் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளும்போது மோட்டார் நிற்பதில்லை. அது சுற்றச் சுற்ற முறுக்கு ஏறிக்கொண்டே போகிறது. ஒட்டுதல் விடுபடும் நொடியில் அத்தனை முறுக்கும் ஒரேயடியாக அவிழ்கிறது. நீங்கள் பார்க்கும் துள்ளல் அதுதான். ஒட்டுமிடத்தில் எவ்வளவு உரசல், இடையில் எவ்வளவு நெகிழ்வு என்ற இரண்டும்தான் துள்ளலின் அளவைத் தீர்மானிக்கின்றன. வலுவான மோட்டார் போட்டால் பாலம் நின்றுபோகாமல் இருக்கலாம். துள்ளல் அப்படியே இருக்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஒரு பழமொழி உண்டு. டர்ன்டேபிளில் மட்டும் பெரும்பாலும் கூடம் உண்மையாகவே கோணலாக இருக்கிறது. பழி மோட்டார் மேல் விழுகிறது.

முதல் வேலையாக மோட்டாரைக் கழற்றிவிடுங்கள். கப்ளிங்கின் திருகைத் தளர்த்தினால் போதும், பாலம் தன்னிச்சையாகச் சுழல வேண்டும். இப்போது எழுதும் தாளிலிருந்து ஒரு விரல் அகலத் துண்டைக் கத்தரித்து, நீளவாக்கில் ஒரு மடிப்பு மடித்துக்கொள்ளுங்கள். அதன் நுனியைப் பாலத்தின் ஓரத்தில் வைத்து மெதுவாகத் தள்ளியபடி ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். நன்றாக ஓடும் இடத்தில் தாள் நேராக நின்று பாலத்தைத் தள்ளும். ஒட்டுமிடம் வந்ததும் தாள் வளைந்து மடங்கும். விரலால் தள்ளினால் நம்மை அறியாமலே அழுத்தத்தைக் கூட்டிவிடுவோம். தாளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, அதனால்தான் அதை நம்புகிறேன். தாள் மடங்கும் ஒவ்வோர் இடத்திலும், பாலம் சுழலும் வட்டக் குழியின் விளிம்பில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பாலத்தின் ஒரு நுனியை 'அ' என்றும் மறு நுனியை 'ஆ' என்றும் குறித்துக்கொண்டு, எந்த நுனி எங்கே இருந்தபோது ஒட்டியது என்பதையும் எழுதிவையுங்கள். பிறகு ஓர் இன்ஜினை ஏற்றி அதே சுற்றை மறுபடியும் சுற்றிப் பாருங்கள்.

அந்தக் கோடுகளின் எண்ணிக்கையே நோயைச் சொல்லிவிடும். ஒரு சுற்றில் சரியாக இரண்டு முறை, ஒன்றுக்கொன்று நேரெதிரே ஒட்டினால், கோளாறு குழியில் இருக்கிறது. பாலத்து நுனிச் சக்கரங்கள் ஓடும் குழிக்குள்ளான வளையத் தண்டவாளத்தில் ஒரு மேடு இருந்தால் முதலில் 'அ' நுனி அதில் முட்டும், அரைச் சுற்றுக்குப் பின் 'ஆ' நுனி முட்டும். ஒட்டுவது சட்டென்று ஓரிடத்தில் நிகழ்ந்தால் அது தண்டவாள இணைப்பாகவோ பசைத் துளியாகவோ இருக்கும். மெல்ல மெல்ல இறுகி, பிறகு மெல்ல மெல்லத் தளர்ந்தால், நடுத்தண்டு குழிக்குச் செங்குத்தாக இல்லை, அல்லது குழியின் தரை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு முறை ஒட்டினால், பாலத்தோடு சேர்ந்து சுழலும் ஏதோ ஒன்றின் மேல் சந்தேகப்படுங்கள்: வளைந்த தண்டு, மையம் தவறித் துளையிட்ட பெரிய பல்சக்கரம், அடியில் எங்கோ சிக்கும் மின்கம்பி. ஓரிடத்தில் என்றில்லாமல் சுற்று முழுக்க ஒரே மாதிரி இறுக்கமாக இருந்தால், பாலம் தண்டுக்குச் செங்குத்தாகப் பொருத்தப்படாமல் ஒரு நுனி எப்போதும் தாழ்ந்து உரசுகிறது, அல்லது பாலத்துத் தண்டவாளங்களுக்கு மின்சாரம் கொடுக்க உரசி நிற்கும் மின் தொடுப்புத் தகடுகள் அதிகமாக அழுத்துகின்றன. கையால் தள்ளும்போது எங்குமே ஒட்டாமல், மோட்டாரை இணைத்த பிறகு மட்டும் சம இடைவெளிகளில் பலமுறை திக்கினால், குறை பல்சக்கரங்களில். உதாரணமாக, 40-க்கு 1 என்று வேகத்தைக் குறைக்கும் வார்ம் கியரில் வார்ம் (பல்சக்கரத்தைச் சுற்றும் திருகு போன்ற உருளை) சற்றே மையம் தவறியிருந்தால் ஒரு சுற்றில் நாற்பது முறை இறுகித் தளரும்.

நான் செய்த நான்காவது டர்ன்டேபிளில் இப்படித்தான் மூன்று வாரம் வீணானது. நானும் மோட்டாரைத்தான் மாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இரவு, வேறு வழியில்லாமல், வளையத் தண்டவாளத்தின் மேல் கட்டை விரல் நகத்தை வைத்து மெதுவாக ஒரு சுற்று இழுத்தேன். ஒரே ஓர் இடத்தில் நகம் 'டிக்' என்றது. குனிந்து, ஒரு கண்ணை மூடி, விளக்கைத் தாழ்வாகப் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: இரண்டு தண்டவாளத் துண்டுகள் சேரும் இடத்தில் ஒன்று மற்றதைவிட மயிரிழை உயர்ந்திருந்தது. மெல்லிய அரத்தால் ஆறேழு இழுப்பு. பழைய மோட்டாரையே திரும்பப் போட்டேன். அது இன்றுவரை ஓடுகிறது.

இனி, இந்த வேலையிலேயே முக்கியமானதற்கு வருகிறேன். பாலத்தின் எடையை எது தாங்குகிறது? நடுவில் இருக்கும் தண்டா, ஓரத்துச் சக்கரங்களா? இதை முடிவு செய்யாமல் கட்டியதுதான் நான் பார்த்த பெரும்பாலான துள்ளல்களுக்கு வேர். நிஜ ரயில்வேயில் இரண்டு வகையும் இருந்தன. பழைய வகையில் எடை முழுவதும் நடுவில் இருந்த தாங்கியில்தான். இன்ஜினை முன்னும் பின்னும் நகர்த்தி, தராசுத் தட்டைச் சமன் செய்வதுபோல நிறுத்தினால், ஓரத்துச் சக்கரங்கள் அநேகமாகத் தொடாமல் நிற்கும். ஆட்களே கையால் தள்ளித் திருப்புவார்கள். இன்ஜின்கள் நீண்டு கனத்த பிறகு, நடுவிலும் இரு நுனிகளிலுமாக மூன்று இடங்களில் எடையைத் தாங்கும் வகை வந்தது. அதில் சமன் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் நுனிச் சக்கரங்கள் எடையைச் சுமப்பதால் அவற்றை இயந்திரத்தால் ஓட்டினார்கள்.

மாதிரியில் நாம் செய்யும் தவறு, இரண்டையும் ஒரே நேரத்தில் இறுக்கமாகச் செய்வது. தண்டும் பாலமும் அசையாமல் பிணைந்திருக்கும், நுனிச் சக்கரங்களும் தண்டவாளத்தை அழுத்திக்கொண்டிருக்கும். அப்படியானால் வளையத்தில் 0.1 மி.மீ. மேடு வந்தாலும் பாலத்துக்கு ஒதுங்க வழியில்லை. தண்டு பேரிங்கில் நெரிபடும். எடையை நடுவில் தாங்க விரும்பினால் நுனிச் சக்கரங்களைத் தண்டவாளத்திலிருந்து ஒன்றிரண்டு தாள் கனம் தூக்கிவையுங்கள். நகல் எடுக்கும் சாதாரணத் தாள் ஏறத்தாழ 0.1 மி.மீ. கனம். அந்தத் தாள் எல்லா இடத்திலும் சக்கரத்துக்கு அடியில் நுழைந்து வெளிவர வேண்டும். இன்ஜின் பாலத்தில் ஏறும்போது மட்டும் நுனி இறங்கித் தண்டவாளத்தில் அமரும், நடுவுக்கு வந்ததும் எழும். எடையை நுனியில் தாங்க விரும்பினால் இதற்கு நேர்மாறாக, தண்டு பாலத்தைத் திருப்ப மட்டும் வேண்டும், தூக்கக் கூடாது. ஒரு குறுக்குக் கம்பியும் அது மேலும் கீழும் நழுவுவதற்கு ஒரு காடியும் வைத்தால் அது நடக்கும். எது சிறந்தது என்பதில் கைதேர்ந்தவர்களே ஒத்துப்போவதில்லை. உங்கள் அளவுக்கு நடுவில் தாங்குவதே நல்லது என்பது என் கருத்து. பாலம் அரை மீட்டரைத் தாண்டினால் நான் நுனிக்கு மாறிவிடுவேன்.

நடுவில் தாங்குவதற்கு இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்க வேண்டும். கீழ்நோக்கிய எடையை ஒரு த்ரஸ்ட் பேரிங்கோ, தண்டின் அடியில் வைத்த ஓர் எஃகுக் குண்டோ ஏற்கட்டும். தண்டு பக்கவாட்டில் சாயாமல் இருக்க இரண்டு பால் பேரிங்குகள் வேண்டும். ஒன்று மேலே, ஒன்று கீழே, இடையில் குறைந்தது 40 மி.மீ. தூரம். அந்தத் தூரம் ஏன் முக்கியம் என்றால், 400 கிராம் இன்ஜின் ஒன்றின் எடை மையத்திலிருந்து 20 மி.மீ. தள்ளி நிற்பதாக வையுங்கள். நுனிச் சக்கரம் தொடாத நிலையில், 40 மி.மீ. இடைவெளி உள்ள பேரிங்குகளின் மேல் தலா 200 கிராம் பக்க அழுத்தம் விழும். இடைவெளியை 10 மி.மீ. என்று குறைத்தால் அதுவே 800 கிராம். ஒரே ஒரு குட்டைப் பித்தளைக் குழாயை மட்டும் நம்பிச் செய்த மேடைகள் வெறுமையாக அழகாகச் சுற்றி, இன்ஜின் ஏறியதும் முரண்டு பிடிப்பது இதனால்தான். நீங்கள் எழுதியதில் இன்ஜினோடு சோதித்தீர்களா, இல்லாமலா என்று இல்லை. அது எனக்குத் தெரிந்தால் பாதி சந்தேகம் தீரும்.

வளையத் தண்டவாளத்தைப் பற்றி ஒரு கைநுணுக்கம். நேரான தண்டவாளத்தை உருளைகளுக்கு இடையே விட்டு வளைக்கும்போது இரு முனைகளும் கொஞ்ச தூரம் வளையாமல் நேராகவே நின்றுவிடும். அப்படியே சேர்த்தால் இணைப்பில் ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும், சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் அதில் இடிக்கும். எனவே தேவையைவிட நீளமாக எடுத்து வளைத்து, நேராக நின்ற முனைகளை வெட்டி எறிந்துவிட்டுச் சேருங்கள். பாலத்து நுனிச் சக்கரங்களின் அச்சுக்கோடு நடுத்தண்டின் மையத்தைச் சரியாக நோக்க வேண்டும். கொஞ்சம் திரும்பியிருந்தாலும் சக்கரம் உருளாமல் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டு போகும்; கீச்சென்ற சத்தம் கேட்டால் முதலில் இதைப் பாருங்கள். அந்தச் சக்கரங்களுக்கு விளிம்பு வேண்டியதில்லை. எத்தனை கவனமாக வளைத்தாலும் வளையம் முழு வட்டமாக வராது. விளிம்புள்ள சக்கரம் அதில் ஏறிப் பிடிக்கும்.

மின் தொடுப்புத் தகடுகள் பலரும் மறந்துவிடும் உரசல். அவற்றை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதே அழுத்தம் உள்ள தகடு 150 மி.மீ. தொலைவில் உள்ள வளையத்தில் உரசினால், தண்டின் மேல் 5 மி.மீ. ஆரத்தில் உரசுவதைவிட முப்பது மடங்கு தடை தரும். ஆகவே மின்சாரத்தைத் தண்டின் வழியாகவே எடுங்கள். 6.35 மி.மீ. ஸ்டீரியோ ஆடியோ பிளக்கையும் அதன் சாக்கெட்டையும் தண்டாகவும் மின் தொடுப்பாகவும் பயன்படுத்துவது பழகிப்போன நல்ல வழி; சிறிய பாலங்களுக்கு அது போதும். 300 மி.மீ. பாலத்துக்கு மின்சாரத்தை மட்டும் அதில் எடுத்து, எடையை வேறிடத்தில் தாங்குங்கள். இன்னொன்று: பாலம் அரைச் சுற்று திரும்பினால் அதன் இரு தண்டவாளங்களும் இடம் மாறிக்கொள்ளும். இரண்டாகப் பிளந்த தொடுவளையமோ (தகடு உரசும் வளையம்), டிசிசி என்ற டிஜிட்டல் கட்டுப்பாட்டு அமைப்பில் தானியங்கி மாற்றியோ இல்லையென்றால் எதிர்ப்புறத் தடத்தில் ஷார்ட் ஆகும். அதைத் துள்ளலோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எண்ணெய் விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது: பேரிங்குக்கு ஒரு துளி, மின் தொடுப்புக்கும் வளையத் தண்டவாளத்துக்கும் ஒன்றுமே இல்லை. கிராஃபைட் தூள் மின்சாரத்தைக் கடத்தும். அதைத் தொடுவளையத்தின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

இவ்வளவும் சரியான பிறகு ஸ்டெப்பரைப் பற்றிப் பேசலாம். எவ்வளவு வேகம் வேண்டும் என்பதிலிருந்து தொடங்குங்கள். உங்கள் பாலம் நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றினால் அதன் நுனி நொடிக்கு ஏறத்தாழ 15.7 மி.மீ. நகரும். 87-ஆல் பெருக்கினால் நிஜ அளவில் நொடிக்குச் சுமார் 1.4 மீட்டர், பாலத்தைத் தோளால் தள்ளியபடி ஒருவர் நடக்கும் வேகம். அதனால்தான் அந்த வேகத்தில் சுற்றும் டர்ன்டேபிள் பார்க்க இயல்பாக இருக்கிறது. இந்த வேகத்துக்கு, சாதாரண டிசி மோட்டாரை மின்னழுத்தம் குறைத்து ஊர விடுவதைவிட, அதிகமாகக் குறைக்கும் கியர் போட்டு மோட்டாரை அதன் இயல்பான வேகத்தில் ஓட விடுவது எப்போதும் மேல்.

ஸ்டெப்பரின் நன்மை இடத்தை எண்ணிச் சென்று நிற்பது. சாதாரண ஸ்டெப்பர் ஒரு சுற்றுக்கு 200 படிகள் எடுக்கும். நேரடியாகப் பாலத்தோடு பிணைத்தால் ஒரு படிக்கு நுனி 4.7 மி.மீ. தாவும், அது ஆகாது. ஒவ்வொரு படியையும் பதினாறாகப் பிரிக்கும் டிரைவர் (மோட்டாரை இயக்கும் மின்சுற்று) போட்டால் 0.3 மி.மீ. வரை இறங்கும், ஆனால் அந்த நுண்படிகள் சுமையின் கீழ் துல்லியமாக நிற்பதில்லை. 20 பல் புல்லி, 120 பல் புல்லி, இடையில் பல் பெல்ட் என்று ஆறு மடங்கு குறைத்தால் ஒரு நுண்படி 0.05 மி.மீ. ஆகிவிடும், நின்ற இடமும் நம்பும்படியாக இருக்கும். மின்சாரத்தை நிறுத்தினால் ஸ்டெப்பர் தன் அருகிலுள்ள முழுப் படிக்கு நழுவும் என்பதையும் நினைவில் வையுங்கள். குறைப்பு இருந்தால் அந்த நழுவல் கண்ணுக்கு உறுத்தாது. தனக்குள்ளேயே சிறு கியர் பெட்டி கொண்ட 28-பிஒய்ஜே-48 என்ற ஸ்டெப்பரைப் பலரும் விரும்புகிறார்கள். சுற்றுக்கு ஏறத்தாழ 2,048 படி, அதாவது உங்கள் நுனியில் ஒரு படிக்குச் சுமார் 0.46 மி.மீ. அதைவிடப் பெரிய தொல்லை அதன் பல்சக்கரங்களின் ஆட்டம். 30 மி.மீ. விட்டமுள்ள பல்சக்கரத்தின் ஓரத்தில் 0.1 மி.மீ. ஆட்டம் இருந்தாலும் பாலத்தின் நுனியில் அது பத்து மடங்காகி 1 மி.மீ. ஆகிவிடும்.

அந்த ஆட்டத்தை அடக்க இரண்டு வழிகள் எனக்குப் பலன் தந்திருக்கின்றன. எந்தத் தடத்துக்குப் போனாலும் கடைசிச் சில டிகிரிகளை எப்போதும் ஒரே திசையிலிருந்து நெருங்கும்படி நிரலை எழுதுங்கள். தண்டின் மேல் ஒரு மெல்லிய கம்பளி வாஷரை மெதுவாக அழுத்தி வையுங்கள். சுற்று முழுக்க ஒரே சீராக இருக்கும் சிறு தடை, பற்களை எப்போதும் ஒரே பக்கம் சாய்த்துவைக்கும். உரசல் எல்லாமே பகை அல்ல, இடத்துக்கு இடம் மாறும் உரசல்தான் பகை. தொடக்கப் புள்ளிக்குப் பாலத்தின் அடியில் ஒரு காந்தமும் குழியில் காந்தத்தை உணரும் ஒரு ஹால் சென்சாரும் போதும், அதையும் ஒரே திசையில், மெதுவான வேகத்தில் நெருங்கினால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பிடிக்கும். தடங்கள் நாலைந்துதான் என்றால் நிரல் எதுவும் இல்லாமலே, நிஜ டர்ன்டேபிள்களில் இருப்பதுபோல நுனியில் ஒரு பூட்டு ஊசி வைத்துவிடலாம். கூம்பான ஊசி துளைக்குள் இறங்கும்போது பாலத்தைத் தானே நேராக இழுத்துக்கொள்ளும்.

அடிப்பலகை ஒட்டுப்பலகை என்று எழுதியிருந்தீர்கள். அது காற்றின் ஈரத்துக்கு ஏற்ப வளையும், மீளும். ஒரு மாதம் நன்றாக ஓடி அடுத்த மாதம் ஒட்டுவது அப்படித்தான். குழியைப் பலகையிலேயே வெட்டாமல், தனி வட்டத் தட்டில் செய்து, மூன்றே மூன்று திருகுகளின் மேல் உட்காரவைத்தால், பலகை எப்படி வளைந்தாலும் மூன்று முனைகளின் மேல் நிற்கும் தட்டு முறுகாது. ரசமட்டம் வைத்து அந்தத் திருகுகளைத் திருப்பியே சமன் செய்யலாம்.

ஸ்டெப்பரை வாங்குவதைச் சில நாள் தள்ளிப்போடுங்கள். கப்ளிங்கைத் தளர்த்தி, தாள் துண்டால் வெறும் பாலத்தோடு ஒரு முறையும் இன்ஜினோடு ஒரு முறையும் சுற்றிப் பாருங்கள். பென்சில் கோடுகள் எத்தனை, எதிரெதிரே விழுந்தனவா, எந்த நுனி எங்கே இருந்தது என்று எழுதுங்கள். அது வந்தால், எந்தத் திருகில் கைவைப்பது என்று இதைவிடத் துல்லியமாகச் சொல்கிறேன்.